மூன்று லோடு கல்

அளவு நாடாவின் முனையைச் சுவரின் வலது ஓரத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு டீச்சரம்மாவின் நாத்தனார் நின்றாள். கொத்தனார் நாடாவை இழுத்தபடி இடது ஓரத்துக்கு நடந்தார். நடந்தார் என்று சொல்வதே கொஞ்சம் தாராளம்தான். எல்லோரும் அவரை மெதுவண்ணன் என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்கிறதோ என்னவோ.

"அண்ணே, நீங்க அந்த முனைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள நாடா துருப்பிடிச்சிடும்."

"சுவர் எங்கேயும் ஓடிப்போயிடாது, தங்கச்சி."

"ஓடிப்போயிடுமோன்னுதானே உங்களைக் கூப்பிட்டிருக்கோம்!"

பின்வாசல் படியில் நின்றுகொண்டிருந்த டீச்சரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் டீச்சர் அல்ல. பள்ளிக்கூட நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுப்பவள், ஒரு நாளும் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் தெருவுக்கு அவள் டீச்சரம்மாதான். கணவர் இறந்த பிறகு அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் இருந்தாள். அவருடைய தங்கை அடுத்த சந்தில். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை வந்து அண்ணியை நாலு வார்த்தை கேலி பேசிவிட்டுப் போகாவிட்டால் அந்தத் தங்கைக்குச் சோறு இறங்காது.

வீடு ஒரு சரிவின் அடியில் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் மார்பளவு உயரத்தில் சிமெண்ட் கல் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் மண், மண்ணுக்கு மேலே மரங்கள், அதற்கும் மேலே சாலை. போன மழையில் இடது பக்கத்து வீட்டுச் சுவர் ஒரே மூச்சில் விழுந்தது. சேறு அவர்கள் சமையலறை அடுப்பு வரைக்கும் வந்துவிட்டது. நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவர்கள் போனவர்கள்தான். டீச்சரம்மாவின் கணவர் கட்டிய சுவர் நின்றது. நின்றது என்றாலும் பின்னால் மண் ஏறி ஏறி, பொங்கிய பால் பாத்திரத்தின் விளிம்பில் நிற்பதுபோல் சுவர்த் தலைக்குச் சமமாக நின்றது. இன்னொரு மழை வந்தால் அது வழிந்து உள்ளே வரும். இடது பக்கம் வேலி மாதிரி இருந்த பக்கத்து வீட்டுச் சுவரும் இப்போது இல்லை. அந்த வழியாகவும் வரும்.

மகன் வெளியூரிலிருந்து தினமும் போன் செய்தான். "அம்மா, வீட்டை விட்டுட்டு வந்துடு. இங்கே உனக்குன்னு தனி அறை இருக்கு." அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல பிள்ளை, நல்ல மருமகள். ஆனால் இந்த வீட்டின் ஒவ்வொரு கதவும் எந்த இடத்தில் உரசும் என்று அவளுக்குத் தெரியும். உரசுகிற இடத்தைச் செதுக்குவதாகச் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டுப் போனவரையும் தெரியும். சுவரை உயர்த்த முடிந்தால் இருப்பேன், முடியாவிட்டால் வருகிறேன் என்று மகனிடம் சொல்லியிருந்தாள். வரும் சனிக்கிழமை வண்டியோடு வருவதாக அவனும் சொல்லியிருந்தான்.

"நாப்பத்தெட்டு அடி," என்றார் மெதுவண்ணன் கடைசியில். படியில் வந்து உட்கார்ந்து, தரையில் விரலால் கோடு போட ஆரம்பித்தார். "நாலு அடி நீளத்துக்கு மூணு கல். ரெண்டு அடி உயரத்துக்கு மூணு வரிசை. கலவையோட சேர்த்து. இதை மனசுல வச்சுக்கிட்டா எந்தச் சுவரையும் அளந்துடலாம். நாப்பத்தெட்டு அடிக்கு வரிசைக்கு முப்பத்தாறு கல். மூணு வரிசை ஏத்தினா நூத்தி எட்டு. இடது பக்கம் புதுசா இருபது அடி. வரிசைக்குப் பதினஞ்சு, ஒம்பது வரிசை…"

"நூத்தி முப்பத்தஞ்சு," என்றாள் டீச்சரம்மா.

"ஆச்சு. ரெண்டும் சேர்ந்து இருநூத்தி நாப்பத்தி மூணு. உடையறதுக்கு ஒரு டஜன். நூறு கல்லுக்கு ஒரு மூட்டை சிமெண்ட்டுன்னு மூணு மூட்டை."

"எங்க அண்ணன் போட்ட கணக்கைவிட இது பரவாயில்லை," என்றாள் நாத்தனார்.

மெதுவண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கதை அவருக்குத் தெரியாது. குடும்பத்தில் மற்ற எல்லோருக்கும் மனப்பாடம்.

"அண்ணன் இந்தச் சுவர் கட்டுறப்போ நான் விடுதியில இருந்தேன். அண்ணி ஆஸ்பத்திரியில. இந்த வரிசையிலயே இது ஒண்ணுதான் வீடு, அக்கம்பக்கம் ஆள் கிடையாது. முனைக் கடைக்காரர்தான் சாட்சி. கல் லாரி திரும்புறப்போ ஒவ்வொரு தடவையும் அவர் கடைப் பந்தலை இடிச்சிருக்கு. மூணு தடவை பந்தலை முட்டுக் கொடுத்து நிறுத்தினாராம். மூணு லோடு கல்! இத்தனூண்டு சுவருக்கு! ஒரு லோடே மிஞ்சும். மீதி எங்கேண்ணான்னு கேட்டா, 'மழையில கரைஞ்சு போச்சு'ம்பார். இன்ஜினை அக்கு அக்காப் பிரிச்சு மாட்டுற மனுஷனுக்குப் பெருக்கல் வரலைன்னு எங்க சித்தப்பா சாகுற வரைக்கும் சொல்லிச் சிரிச்சாரு."

"யாருக்காவது தூக்கிக் கொடுத்திருப்பார்," என்றாள் டீச்சரம்மா. அப்படித்தான் அவள் வெகுகாலமாக நினைத்திருந்தாள். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். கூட வேலை பார்த்த யாருடைய வீட்டிலோ அந்தக் கல்லெல்லாம் அறையாகவோ மாடியாகவோ நிற்கிறது என்று நினைத்துக்கொள்வதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

மெதுவண்ணன் சிரித்து முடித்துவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

"கணக்கு இருக்கட்டும், டீச்சரம்மா. மேலே மூணு வரிசை ஏத்தணும்னா அடியில எத்தனை வரிசை இருக்குன்னு முதல்ல பார்க்கணும். விழுந்த சுவரை நானே போய்ப் பார்த்தேன். மண்ணுக்குள்ள ரெண்டே வரிசை. அதுவும் குப்பை மண்ணு மேல. இந்தப் பக்கம் எல்லாருமே அப்படித்தான் கட்டியிருக்காங்க. உங்களதும் ரெண்டுதான்னா…"

"சொல்லுங்க."

"நான் கல்லு ஏத்த மாட்டேன். ஏத்தினா அந்தச் சுமையே இதைத் தள்ளிடும். முழுசா இடிச்சுட்டுக் கட்டணும். மழைக்கு முன்னாடி ஆகாது. நீங்க தம்பியோட போறதுதான் நல்லது."

அவர் அதைச் சொன்ன விதத்தில் பூசி மெழுகல் எதுவும் இல்லை. அதனாலேயே அவளுக்கு அவரைப் பிடித்தது.

மறுநாள் காலையில் மெதுவண்ணன் மனைவியோடு வந்தார். அந்த அம்மாள் புருஷனுக்கு நேர்மாறு. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்து, இடுப்பில் சேலையைச் செருகி, எங்கே தோண்ட வேண்டும் என்று கேட்டு, அவர் வாயைத் திறப்பதற்குள் இரண்டு கூடை மண்ணை அள்ளி வெளியே போட்டிருந்தாள்.

"மெல்ல, மெல்ல. சுவரை வெட்டிடாதே."

"நீ சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தா மழைக்காலமே முடிஞ்சிடும்யா."

டீச்சரம்மா படியில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்படி ஒருவர் வார்த்தையை ஒருவர் பிடுங்கிப் பேசும் சத்தம் இந்த வீட்டில் கேட்டு நாளாகிவிட்டது. பார்வையை மட்டும் அவள் குழியிலிருந்து எடுக்கவில்லை.

மண்ணுக்குக் கீழே முதல் வரிசை தெரிந்தது. பிறகு இரண்டாவது. அவள் படியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மண்வெட்டி மறுபடியும் இறங்கியது. கல் முடிகிற இடம் எப்படியிருக்கும் என்று பக்கத்து வீட்டில் பார்த்திருந்தாள். ஒழுங்கில்லாமல் வழிந்து காய்ந்த காங்கிரீட், அதற்கடியில் வெறும் மண்.

"இன்னும் கல்லு இருக்கு," என்றாள் மெதுவண்ணன் மனைவி.

மூன்று. நான்கு.

"சரியாப் பார்த்தீங்களா? பாறாங்கல்லா இருக்கப் போகுது," என்றாள் அப்போதுதான் வந்த நாத்தனார்.

"பாறாங்கல்லுக்கு யாருங்க கலவை வச்சுச் சந்து பூசுறாங்க?"

மெதுவண்ணன் எழுந்தார். அவர் எழுந்த வேகத்தைப் பார்த்து மனைவியே ஆச்சரியப்பட்டிருப்பாள். குழிக்குள் இறங்கி மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். வெளியே வந்து விழுந்த மண்ணில் உடைந்த ஓட்டுத் துண்டுகள், டயர் கிழிசல், பாட்டில் மூடிகள், ஒற்றைச் செருப்பு, மக்காத பிளாஸ்டிக் பைகள். "பழைய பள்ளம்," என்றார் உள்ளேயிருந்து. "யாரோ கல்லு வெட்டி எடுத்த பள்ளத்தைக் குப்பை கொட்டித் தூர்த்து மனையாக்கி வித்திருக்கான். இதுமேலதான் இந்த வரிசை வீடு அத்தனையும் நிக்குது."

ஐந்தாவது வரிசை வரை தோண்டியபோது அவர் இடுப்புக்கு மேலே மண். ஆறாவது வரிசையில் சுவர் ஒரு படி முன்னால் வந்தது. அங்கிருந்து கீழே ஒரு கல் அகலத்துக்குப் பதிலாக இரண்டு கல் அகலம். மெதுவண்ணன் சுத்தியலைத் திருப்பிப் பிடித்து ஒரு கல்லின் வயிற்றில் தட்டினார். துளை உள்ள கல் வெறும் பானை மாதிரி ஒலிக்க வேண்டும். இது கெட்டியாக, குட்டையாக ஒலித்தது. உள்ளே முழுக்கக் காங்கிரீட் நிரப்பி, நெட்டுக்குத்தாகக் கம்பி விட்டிருந்தது.

அதற்குப் பிறகு யாரும் கேலி பேசவில்லை. ஏழு. எட்டு. ஒவ்வொரு வரிசையும் மேலே இருப்பதைவிடப் புதிதாக இருந்தது. வெயில் படாத, மழை படாத கல், நேற்றுக் கட்டியதுபோல் வெளிர் சாம்பல் நிறம். சந்துகளில் கலவையை அழுத்தி, வளைத்த கம்பியால் ஒரே ஆழத்துக்கு இழுத்து விட்டிருந்த கோடு பிசிறில்லாமல் போனது. ஓரிடத்தில் ஈரக் கலவையில் அழுந்திய கட்டைவிரல் தடம் ஒன்று அப்படியே இருந்தது. மெதுவண்ணன் அதைக் கண்டார், சுற்றியிருந்த மண்ணை மட்டும் கையால் தட்டிவிட்டார். டீச்சரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டவில்லை. அவளாகவே பார்த்துவிட்டாள்.

பத்தாவது வரிசைக்கு அடியில் கடப்பாரை 'ணங்' என்று இடித்துத் திரும்பியது. பாறை. அந்தப் பாறையையும் சும்மா விடவில்லை. உளி வைத்துக் கொத்திச் சமமாக்கி, பல்லில் பல் பொருந்துவதுபோல் முதல் கல்லை அதில் உட்கார வைத்திருந்தது.

மெதுவண்ணன் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் அவர் முதுகு மட்டும் தெரிந்தது.

"யாரும் பார்க்கப் போறதில்லைங்க," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "மண்ணு மூடப் போற இடம். இங்கே போய் யாராவது இப்படிக் கோடு இழுப்பாங்களா? நான் இழுக்க மாட்டேன். சத்தியமா இழுக்க மாட்டேன். கூட யாரு இருந்தாங்க?"

"டிப்போவுல அவர்கூட வேலை செஞ்ச ஒருத்தர். அவரும் இப்போ இல்லை," என்றாள் டீச்சரம்மா.

"ஒரு இடத்துல இருக்குன்னு முழுசும் இருக்கும்னு சொல்ல முடியாது," என்றார் மெதுவண்ணன் பிறகு, தொழில் புத்தி திரும்பியவராக. "அந்தக் கோடியிலயும் ஒரு குழி போட்டுப் பார்த்துடுவோம்."

"வேண்டியதில்லை," என்றாள் டீச்சரம்மா.

அவள் படியில் உட்கார்ந்தபடி, மெதுவண்ணன் முந்தின நாள் தரையில் போட்ட கோடுகளுக்குப் பக்கத்தில் விரலால் எழுதிக்கொண்டிருந்தாள். வரிசைக்கு முப்பத்தாறு. மேலே ஆறு வரிசை, கீழே பத்து. பதினாறு முப்பத்தாறு ஐநூற்று எழுபத்தாறு. அடி ஐந்து வரிசை இரட்டை, அதற்கு இன்னொரு நூற்று எண்பது. மொத்தம் எழுநூற்று ஐம்பத்தாறு.

"அண்ணே, அந்தக் காலத்து லாரியில ஒரு லோடுக்கு எத்தனை கல் ஏத்துவாங்க?"

"இருநூத்தி அறுபதும்பாங்க."

"மூணு லோடு?"

அவர் உதடு அசைந்தது. "எழுநூத்தி எண்பது."

"எழுநூத்தி ஐம்பத்தாறு இங்கே இருக்கு. மிச்சம் இருபத்தி நாலு. அதுல உடைஞ்சது போக மீதியிலதான் அவர் இந்தத் துணி துவைக்கிற மேடையைக் கட்டினார்." எழுதிய விரலை அவள் எடுக்கவில்லை. "ஒரு கல்லுகூட வெளியே போகலை."

நாத்தனார் குழியின் ஓரத்துக்கு வந்தாள். ஆயுசு முழுக்கச் சொல்லிச் சிரித்த கதை அவள் கண் முன்னாலேயே குழிக்குள் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. "எங்க அண்ணனா?" என்று மட்டும் கேட்டாள், வேறு யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்பதுபோல்.

கணக்கு அத்தனையும் சரியாக வந்தது என்பதைவிட, அது எந்த நாட்களில் நடந்தது என்பதுதான் டீச்சரம்மாவை அசைத்தது. மகன் குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த நாட்கள் அவை. அவள் ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை. அவர் மாலையில் வருவார். பெட்டிக்கு வெளியே நிற்பார். உள்ளங்கையில் அடங்குகிற குழந்தை, காகிதம் மாதிரித் தோல், மூச்சு வாங்கும்போது விலா எலும்பு தெரியும். அவர் விரல் நுனிகளில் தோல் உரிந்து சிவந்திருக்கும். என்ன இது என்றால் பிரேக் ஆயில் பட்டது என்பார். அவள் நம்பினாள், நம்பாமல் என்ன? காலையில் பேருந்துகளுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் நின்று வேலை. மாலையில் கண்ணாடிப் பெட்டி. இரண்டுக்கும் நடுவில் எந்த நேரத்தில் இந்த மனிதர் இந்தப் பாறை வரைக்கும் போய் வந்தார்? பிழைக்குமா என்று டாக்டரே சொல்லத் தயங்கிய பிள்ளைக்கு, ஆள் உயரத்துக்கும் மேல் ஆழமாகத் தோண்டி அஸ்திவாரம் போட்டவர் மனதில் என்னதான் ஓடியிருக்கும்? அவளால் அதைக் கற்பனை செய்து பார்க்க முடியவில்லை. மழைக்காலம் வரும்போதெல்லாம் இந்தச் சுவருக்குப் பக்கத்து அறையில்தான் பிள்ளையைப் போட்டுக்கொண்டு படுத்தார்கள். அவர் படுத்த மாத்திரத்தில் குறட்டை விடுவார். அந்தக் குறட்டையைத் திட்டிக்கொண்டே அவளும் தூங்கிவிடுவாள்.

"அண்ணி, ஏன் அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லலை? நாங்கல்லாம் அத்தனை கிண்டல் பண்ணினோமே."

"அடியில குப்பைன்னு சொல்லியிருந்தா நான் இந்த வீட்டுக்குள்ள பிள்ளையைத் தூக்கிட்டு வந்திருப்பேனா?"

நாத்தனார் தலையை ஆட்டினாள். "வந்திருக்க மாட்டீங்க. எங்க அம்மா வீட்டுக்குத்தான் வந்திருப்பீங்க. விடுதியிலேருந்து லீவுக்கு வந்தா நான் என் அறையை விட்டுக் கொடுத்திருக்கணும். நல்லவேளை, அவர் சொல்லலை." சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மெதுவண்ணன் மனசு ஒப்பாமல் மற்றக் கோடியிலும் ஒரு குழி போட்டுப் பார்த்தார். அங்கேயும் பத்து வரிசை. "மூணு இல்லைங்க, ஆறு வரிசை வேணும்னாலும் ஏத்தலாம்," என்றார்.

சனிக்கிழமை மகன் வந்தான். வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு, டிரைவரிடம் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்தவன், கட்டாமல் கிடந்த சாமான்களைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினான்.

"அம்மா, நாம பேசினது என்ன, நீ செய்றது என்ன?"

"சுவரை உயர்த்தலாம்னா இருப்பேன்னு சொன்னேனே. உயர்த்தலாமாம்."

"யாரு சொன்னாங்க? வேலை வேணும்னு கொத்தனார் எதையாவது சொல்லத்தான் செய்வார். கல்லு மேல கல்லு வச்சா உறுதியாயிடுமா? அடியில என்ன இருக்கு?"

"போய்ப் பாரு," என்றாள் அவள்.

நாத்தனார் குழி ஓரத்தில் நின்றாள். மெதுவண்ணனும் மனைவியும் மண் குவியலில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் எட்டிப் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, விளிம்பில் உட்கார்ந்து, உள்ளே குதித்தான்.

குதித்தவன் மறைந்துவிட்டான். கூட்டத்தில் தலை தனியாகத் தெரிகிற உயரம் அவனுக்கு. பேருந்தில் குனிந்துதான் நிற்பான். அவன் உச்சந்தலைக்கும் தரை மட்டத்துக்கும் நடுவிலேயே இன்னும் ஒரு வரிசைக் கல் இருந்தது. டீச்சரம்மா கிட்டே போய் நின்று கீழே பார்த்தாள். அவன் சுவரை விட்டு ஓர் அடி தள்ளி நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் கையைக் காலை உதைத்த அந்தக் குழந்தையின் முகம் அவளுக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவேயில்லை. நினைவுக்கு வந்தது அவர் முகம்தான். இதே இடத்தில் இதே மாதிரி அண்ணாந்து, மேலே இன்னும் எத்தனை வரிசை என்று பார்த்திருப்பார்.

"அம்மா."

"ம்."

"அப்பாவா?"

"அப்பாதான்."

"எப்போ?"

அவள் சொன்னாள். அதிகம் சொல்லவில்லை. "நீ ஆஸ்பத்திரியில இருந்தப்போ," என்றாள். அவன் கையை நீட்டி, கல்லை விட்டுவிட்டுச் சந்துக் கோட்டில் விரலை வைத்து, குழியின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை இழுத்துக்கொண்டே போனான். தெருவில் வண்டிக்காரர் ஒரு தடவை ஹாரன் அடித்தார். நாத்தனார் போய் அவரை அனுப்பிவிட்டு வந்தாள், யாரும் அவளிடம் சொல்லாமலேயே.

"இடது பக்கம் புதுசா எத்தனை அடி?" என்று கீழேயிருந்து கேட்டான்.

"இருபது."

"அங்கேயும் பாறை வரைக்கும் போகணும். இதே மாதிரி. அடியில இரட்டையா."

"கணக்கும் போட்டுட்டேன்," என்றாள் டீச்சரம்மா. "வெளியே தெரியுறதுக்கு இருநூத்தி நாப்பத்தி மூணு, உள்ளே போறதுக்கு இருநூத்தி இருபத்தஞ்சு. உடையறதோட சேர்த்து ஐநூறுக்குக் கொஞ்சம் குறைய வரும். காங்கிரீட் தனி. அண்ணன் நாளைக்கே வேலையைத் தொடங்குறேன்கிறார்."

"அவரா? நாளைக்கேவா?" என்றாள் மெதுவண்ணன் மனைவி.

"ஏன், தொடங்க மாட்டேனா?"

"மழைக்கு முன்னாடி முடியுமா, அண்ணே?" என்று குழி கேட்டது.

மெதுவண்ணன் சரிவைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், குழிக்குள் தெரிந்த சாம்பல் நிறச் சுவரைப் பார்த்தார். "ரெண்டு ஆளைக் கூடச் சேர்த்துக்கிறேன் தம்பி. முடிச்சுடலாம். அம்மா இங்கேயே இருக்கட்டும்."

"இருக்கட்டும்," என்றான் அவன். பிறகு விளிம்பைப் பிடித்து எம்பினான். மண் உதிர்ந்து கை வழுக்கியது. மறுபடியும் எம்பினான். முடியவில்லை.

"ஏணி இருக்கா, அத்தை?"

"இவ்வளவு வளர்ந்தும் ஏணி கேக்குறியேடா!" என்று சொல்லிக்கொண்டே நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். டீச்சரம்மா அசையாமல் விளிம்பிலேயே நின்றாள். ஏணி வருவதற்குள் அவன் பாறையில் மண்டியிட்டு, கையை அகல விரித்து, அடிக் கல்லிலிருந்து ஒவ்வொரு சாணாக மேலே அளக்கத் தொடங்கியிருந்தான்.